கேளுங்கள் சொல்கிறேன்: மலையில் ப்ராஜெக்ட் சீசன்

இந்த மாதக் கடிதக் கட்டில் வரன் பார்ப்பது, சொத்துத் தகராறு எல்லாம் ஓரமாகப் போய்விட்டன. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள்தான் நிறைய எழுதியிருக்கிறார்கள். எல்லாமே இறுதியாண்டு குரூப் ப்ராஜெக்ட் பற்றி: யார் பேசுவது, எப்படிப் பேசுவது, முடித்த பிறகு அதை என்ன செய்வது. அதனால் இந்த இதழில் அது மட்டும்தான். ஒரே மாதிரி கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்துவிட்டேன், பெயர்களையும் எடுத்துவிட்டேன். உங்கள் துறைத் தலைவரும் இந்தப் பத்திரிகையைப் படிப்பவராக இருக்கலாம் இல்லையா.

மேடம், நாங்கள் ஐந்து பேர், பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ். சிறு தேயிலை விவசாயிகள் ஃபேக்டரிக்குப் போடும் பச்சை இலைக்குக் கணக்கு வைக்கும் மொபைல் ஆப் செய்திருக்கிறோம். அடுத்த வாரம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஒருவனுக்குத்தான் இங்கிலீஷ் சரளமாக வரும், அவனே முழுக்கப் பேசட்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஆப்புக்கான ப்ரோக்ராம் கோடு எழுதியது நானும் இன்னொரு பெண்ணும்தான். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று பிரித்துக்கொண்டால் நியாயமாக இருக்குமா?
— குன்னூர் வாசகி

நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் கேட்கவே முடியாது. பந்தியில் வடை வைக்கிற மாதிரி ஆளுக்கு மூன்று நிமிடம் என்று பிரித்தால் ஐந்து பேரும் ஐந்து துண்டைப் பேசிவிட்டு உட்காருவீர்கள், எதிரே இருப்பவருக்கு முழுசாக ஒன்றும் புரிந்திருக்காது. எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளராக, நானும் நிறைய இடங்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அங்கிருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். முதல் ஸ்லைடு தலைப்பு. இரண்டாவது அப்ஸ்ட்ராக்ட். அப்புறம் எக்ஸிஸ்டிங் சிஸ்டம், ப்ரபோஸ்டு சிஸ்டம், அதற்கப்புறம் ஹார்ட்வேர் ரெக்வயர்மென்ட்: ரேம் நான்கு ஜிபி, ஹார்ட் டிஸ்க் இத்தனை, கீபோர்டு, மவுஸ். கீபோர்டு வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதா? காலையிலிருந்து எல்லாக் குழுவும் இதையேதான் காட்டியிருக்கும். கீபோர்டு ஸ்லைடு வருவதற்குள் எக்ஸ்டர்னல் மார்க் ஷீட்டில் ரோல் நம்பர் எழுத ஆரம்பித்திருப்பார்.

நீங்கள் தொட்டிருப்பது நல்ல விஷயம். தோட்டத்து அம்மா ஒருவர் கொழுந்து பறித்து, மூட்டை கட்டி, எடை போடும் இடத்துக்குக் கொண்டுவருகிறார். எடை போட்டு, இலையில் ஈரம் இருக்கிறது என்று கொஞ்சம் கழித்து, ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்கு மாதாமாதம் தேயிலை வாரியம் ஒரு விலை அறிவிக்கிறது. மாத முடிவில் கைக்கு வருகிற பணம், அந்தச் சீட்டுகள், அறிவித்த விலை இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று அவரால் பார்க்க முடிவதில்லை, ஏனென்றால் பாதிச் சீட்டு மழையில் நனைந்து போயிருக்கும். உங்கள் ஆப் இதைத்தானே செய்கிறது? அப்படியானால் முதல் ஸ்லைடிலேயே அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், பெரிதாக, மை கலைந்த இடம் தெரியும்படி. சீட்டில் விவசாயியின் பெயர் இருந்தால் மறைத்துவிடுங்கள். ஒரே நிமிடத்தில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு நேராக ஆப்பைத் திறந்து காட்டுங்கள். கீபோர்டு, மவுஸ் எல்லாம் ரிப்போர்ட்டில் இருக்கட்டும், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

யார் பேசுவது? எதை யார் செய்தார்களோ அதை அவர்களே பேச வேண்டும். கோடு பற்றி நீங்களும் உங்கள் தோழியும். தோட்டத்துக்குப் போய் விவசாயிகளிடம் பேசியது யாரோ அவர் அந்தச் சீட்டுக் கதையைச் சொல்லட்டும். இங்கிலீஷ் பேசும் தம்பி என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. டெஸ்டிங் செய்தாரா, ரிப்போர்ட் எழுதினாரா, அதைப் பேசட்டும். முழுக்க அவரே பேசினால் என்ன ஆகும் தெரியுமா? அவர் முடித்ததும் எக்ஸ்டர்னல் அவரிடம் ஒன்றும் கேட்க மாட்டார். ஓரத்தில் நிற்கிற பையனைப் பார்த்து, "தம்பி, நீ சொல்லு, டேட்டாபேஸில் எத்தனை டேபிள்? ஈரத்துக்குக் கழித்ததை எந்த டேபிளில் வைத்திருக்கிறீர்கள்?" என்பார். நான் கேட்பேன். எல்லோரும் கேட்பார்கள். பேசாமல் நிற்பவரிடம்தான் கேள்வி போகும்.

அதனால் ஒத்திகையில் ஒரு தடவை பாத்திரத்தை மாற்றிப் பாருங்கள். கோடு எழுதியவர் தோட்டத்துக் கதையைச் சொல்லட்டும், தோட்டத்துக்குப் போனவர் கோடை விளக்கட்டும். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கேதான் வைவாவிலும் மாட்டுவீர்கள். இங்கிலீஷ் வராது என்பதற்காக மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம், இரண்டாவது கேள்வியில் குட்டு உடைந்துவிடும். "மேடம், இந்த இடத்தைத் தமிழில் விளக்கட்டுமா?" என்று அனுமதி கேளுங்கள். டேபிள், ஃபீல்டு, சர்வர் எல்லாம் அப்படியே இருக்கட்டும், நடுவில் வருவது தமிழாக இருந்தால் யாரும் மார்க் குறைக்கப்போவதில்லை. ரொம்பக் கறாரானவர் என்றால் இங்கிலீஷில் சொல்லச் சொல்வார், அவ்வளவுதானே, அப்போது சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது மலைக்காரர்களுக்கு மட்டும். பரீட்சை நேரமும் டூரிஸ்ட் சீசனும் இங்கே ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும். எக்ஸ்டர்னல் கோவையிலிருந்து வருபவர் என்றால் பர்லியாறு ஏற்றத்தில் வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருப்பார். பத்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது பன்னிரண்டுக்கு ஆரம்பிக்கும், அவருக்கு இருட்டுவதற்குள் இறங்கியும் ஆக வேண்டும். உங்களுக்குப் பதினைந்து நிமிடம் என்று சொன்னது ஐந்தாகச் சுருங்கும். இருப்பதை வேகமாகப் பேசினால் ஒன்றும் விளங்காது, ஐந்து நிமிடத்துக்கென்று தனியாக ஒன்று தயார் செய்து வைத்திருங்கள்: சீட்டு, ஆப், ஒரு விவசாயி அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னது. இந்த மூன்று போதும்.

கோடு எழுதியது நாங்கள்தான் என்று கடைசி நாளில் சண்டை போடாதீர்கள். ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போவதற்கு முன்பே ஒரு பக்கம் சேர்த்து, யார் எதைச் செய்தார்கள் என்று எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். உலகத்தில் பெரிய ஆய்விதழ்கள் பலவற்றிலும் இப்போது இது வழக்கம்தான், பங்களிப்பை 14 வகையாகப் பிரித்து யார் எது என்று போடுகிறார்கள். உங்களுக்கு 14 வேண்டாம், நாலைந்து போதும். ஒன்றுமே செய்யாதவர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் டெஸ்டிங்காவது செய்கிறேன் என்று வந்து நிற்பார், அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ரிவ்யூவின்போது எங்கள் தமிழ் ஸ்லைடுகள் கல்லூரி சிஸ்டத்தில் வெறும் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கமாவுமாக வந்தன. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வைவாவில் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?
— ஊட்டி வாசகர்

டிடிபி கடையில் அடித்து வாங்கினீர்களா? பாமினி ஃபாண்டாக இருக்கும். அதில் கம்ப்யூட்டருக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், ஃபாண்ட் அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. அந்த ஃபாண்ட் இல்லாத சிஸ்டத்தில் வேஷம் கலைந்துவிடும். எந்த சிஸ்டத்திலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் அடியுங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு ஆணை போட்டுவிட்டது, டிடிபி கடைகளுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. ஏற்கெனவே அடித்ததை மாற்றித் தரும் கன்வர்ட்டர்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள், ஒற்றெழுத்துகளில் தகராறு செய்யும். எதற்கும் பிடிஎஃப் ஒன்று பென்டிரைவில் இருக்கட்டும்.

நெட்டை நம்பி டெமோ வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மழையும் காற்றும் வந்தால் எங்காவது ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாயும், கரண்டும் போகும், டவரும் போகும். ஆப் ஓடுவதை முன்கூட்டியே இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை முழுசாக சார்ஜ் போட்டுக் கொண்டுபோங்கள், ப்ராஜெக்டர் இல்லாவிட்டாலும் திருப்பிக் காட்டலாம்.

அம்மா, நான் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். மகன் கடைசி வருடம் படிக்கிறான். கோயம்புத்தூரில் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டினால் எல்லாம் செய்து கொடுத்துவிடுவார்களாம், குழுவில் எல்லோரும் கட்டுகிறார்களாம். கட்டாவிட்டால் பெயில் ஆக்கிவிடுவார்கள் என்கிறான். உண்மையா?
— கூடலூர் வாசகர்

பொய், ஐயா. பணம் கட்டச் சொல்லி எந்தப் பல்கலைக்கழக விதியிலும் இல்லை. அந்த மாதிரிக் கடைகளில் ஒரே ப்ராஜெக்டைத் தலைப்பை மாற்றி மாற்றிப் பல கல்லூரிகளுக்கு விற்கிறார்கள். அட்டெண்டன்ஸ் சிஸ்டம், லைப்ரரி சிஸ்டம், எல்லாம் ஒரே கோடு. நாங்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவோம், சில நேரம் ரிப்போர்ட்டின் நடுவில் வேறு ஊர்க் கல்லூரியின் பெயர்கூட மாற்றாமல் இருக்கும். அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையது என்று கொடுப்பதற்கு எதிராக 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிகளே கொண்டுவந்துவிட்டது. மாணவர் கொடுக்கும் ஆய்வேட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் திருத்தித் தரச் சொல்லலாம், அறுபதைத் தாண்டினால் பதிவையே ரத்து செய்யலாம் என்கிற அளவுக்குப் போகிறது அது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஆனால் வைவாவில் ஒரு கேள்விக்குப் பதில் வராமல் நிற்கிற பிள்ளையை யாராலும் காப்பாற்ற முடியாது.

மகனைத் திட்டாதீர்கள். பயத்தில்தான் கேட்கிறான். சின்னதாக, தானே செய்தது ஒன்றைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உங்கள் எஸ்டேட்டிலேயே வேலைக்கு வந்தவர்களின் பேர் போடும் முறை, யானை வந்தால் தொழிலாளர் லைன் வீடுகளுக்குத் தகவல் சொல்வது என்று எத்தனையோ இருக்கிறது. அவன் கைடிடம் நேராகப் போய், "எனக்கு இவ்வளவுதான் தெரியும் சார், இதை வைத்து என்ன செய்யலாம்?" என்று கேட்கட்டும். அந்தப் பணத்தை வைத்திருங்கள், மேலே படிப்பதற்கு ஆகும்.

நாங்கள் தாவரவியல் மாணவிகள் நான்கு பேர். கொடைக்கானல் சுற்றுவட்டாரத்தில் குறிஞ்சிச் செடி எங்கெங்கே இருக்கிறது என்று ஜிபிஎஸ்ஸில் குறித்து மேப் போட்டிருக்கிறோம். வைவா முடிந்ததும் கூகுள் மேப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டால் நிறையப் பேருக்குப் பயன்படும் இல்லையா?
— கொடைக்கானல் வாசகி

யாருக்குப் பயன்படும் என்று யோசித்தீர்களா? 2018-இல் பூத்தது உங்களுக்கு நினைவிருக்கும், சின்னப் பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள். பன்னிரண்டு வருடக் கணக்குப்படி அடுத்தது 2030. அந்த வருடம் உங்கள் மேப் கையில் இருக்கிறவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நேராகப் புல்வெளிக்குள் இறங்குவார்கள். செல்ஃபி எடுத்துவிட்டு ஒரு கொத்து ஒடித்துக்கொண்டும் போவார்கள். பூத்துக் காய்த்து விதை விழுந்தபின் அந்தச் செடி செத்துவிடும், அடுத்த தலைமுறை அந்த விதையிலிருந்துதான் வர வேண்டும் என்பதை நீங்களே உங்கள் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பீர்கள். ஒடித்த கொத்தில் ஏது விதை?

அதனால் இரண்டு மேப் போடுங்கள். துல்லியமான புள்ளிகள் உள்ள மேப்பை வனத்துறைக்கும் உங்கள் துறைக்கும் கொடுங்கள். 2013-இலிருந்து அங்கே வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது, வாட்டில் எனப்படும் அந்நிய சீகை மரத்தை எங்கே எடுப்பது, எந்தச் சரிவைத் தொடாமல் விடுவது என்று முடிவு செய்பவர்களுக்கு உங்கள் மேப் உண்மையிலேயே உதவும். வெளியில் போடுவதில் புள்ளி இருக்கக் கூடாது, இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டு என்று பெரிய கட்டமாக நிறம் தீட்டிவிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளத்தில் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களுக்கு இடத்தைத் தானாகவே மங்கலாக்கிக் காட்டுகிறார்கள், அதே யோசனைதான். போட்டோவைப் பகிரும்போதும் பாருங்கள், போனில் எடுத்த படத்துக்குள்ளேயே இடம் பதிவாகியிருக்கும், அதை நீக்கிவிட்டுப் போடுங்கள். காட்டில் மரக்கிளையில் இருக்கிற ஆர்க்கிட் பற்றி ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கும் இதேதான், இன்னும் கண்டிப்பாக, ஏனென்றால் அதைப் பிடுங்கி விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

காப்புக்காட்டுக்குள் போக அனுமதி வாங்கினீர்களா? அந்தக் கடிதத்தின் நகலை ரிப்போர்ட்டில் முதல் இணைப்பாக வையுங்கள். எக்ஸ்டர்னல் முதலில் அதைத்தான் கேட்பார்.

நாங்கள் படுகர் பிள்ளைகள் மூன்று பேர், வேறு ஊர்த் தோழி ஒருத்தி. ஹட்டி என்று சொல்லும் எங்கள் ஊர்களில் பாட்டிமார் பாடும் பாட்டுகளைப் பதிவு செய்து ப்ராஜெக்ட் செய்தோம். அழகாக வந்திருக்கிறது. யூடியூபில் போடலாம் என்றால் ஒரு ஊரில் பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். பாடும்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, இப்போது மட்டும் ஏன்? போட்டால் நம் மொழிக்கு நல்லதுதானே?
— கோத்தகிரி வாசகி

உங்கள் ஆசை புரிகிறது. நாலு பேர் கேட்க வேண்டிய பாட்டு பெட்டியில் கிடக்கக் கூடாது என்கிறீர்கள். ஆனால் பாடும்போது என்ன சொல்லிப் பாடச் சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். "காலேஜுக்குப் பாட்டி, மார்க் போடுவாங்க" என்று சொல்லியிருப்பீர்கள். பேத்திக்கு மார்க் வரட்டும் என்று அடுப்படியில் உட்கார்ந்து பாடியிருப்பார். அந்தச் சம்மதம் காலேஜோடு முடிந்தது. ஊர் உலகம் முழுக்கக் கேட்பதற்கு இன்னொரு தடவை கேட்டுத்தான் ஆக வேண்டும், பேத்தியாகவே இருந்தாலும்.

பெரியவர்கள் எல்லாப் பாட்டையும் வேண்டாம் என்றார்களா, சிலதை மட்டுமா? கேட்டுப் பாருங்கள். நான் ஊகிக்கிறேன், சாவு வீட்டில் பாடுவது, கோயில் காரியத்தில் பாடுவது மாதிரி ஏதாவது கலந்திருக்கும். அந்த நேரத்தில், அந்த இடத்தில் மட்டும் பாட வேண்டியதை ஒருத்தர் கடையில் டீ குடித்துக்கொண்டே போனில் கேட்பது அவர்களுக்குப் பொறுக்காது. தாலாட்டு, வயல் வேலைப் பாட்டு, கல்யாணக் கேலி இதெல்லாம் போடச் சம்மதிக்கலாம்.

நான் சொல்கிற வழி இது. யூடியூபை மறந்துவிட்டு ஒரு ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு முதலில் அந்த ஊருக்கே போங்கள். பாடிய பாட்டிமார், அந்தப் பெரியவர்கள் எல்லோரையும் உட்கார வைத்து ஒவ்வொரு பாட்டாகப் போடுங்கள். கேட்கும்போதே அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள்: இந்த அடி தப்பு, இது எங்கள் ஊர்ப் பாட்டில்லை அந்த ஊருடையது, இதை அவள் அம்மா இன்னும் நன்றாகப் பாடுவாள் என்று. இது எதுவும் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்காது, எழுதிக்கொள்ளுங்கள், ப்ராஜெக்டிலேயே உருப்படியான பகுதி அதுவாகத்தான் இருக்கும். தமிழ் எழுத்தில் நீங்கள் எழுதி வைத்திருக்கிற வரிகளையும் அப்போதே படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்றில் ஒன்று கேளுங்கள்: எல்லோரும் கேட்கலாமா, ஊர்க்காரர்கள் மட்டுமா, யாருக்கும் வேண்டாமா. வேண்டாம் என்றதை அவர்கள் கண் முன்னே அழித்துவிடுங்கள். நாளைக்கு யூடியூபில் போட்ட பிறகு ஒருத்தர் மனசு மாறினாலும் எடுத்துவிடுவோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி எடுங்கள். பாடியவர் பெயரும் ஊரும் போட வேண்டுமா கூடாதா என்பதையும் அவர்களே சொல்லட்டும், சில பாட்டிமாருக்குத் தன் பெயர் வந்தால் அவ்வளவு சந்தோஷம், சிலர் முகத்தைக்கூடக் காட்ட மாட்டார்கள். எல்லாப் பாட்டும் உள்ள பென்டிரைவ் ஒன்று ஊரில் இருக்கட்டும்.

அந்த வேறு ஊர்த் தோழியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்கிற கேள்விகள் உங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே தோன்றாது.

பாட்டுக்குப் பதில் மூலிகை என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். குறும்பர், இருளர் வைத்தியர்களிடம் கேட்டு எந்தச் செடி எந்த நோய்க்கு என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதை நெட்டில் போடுவதற்கு முன் இன்னும் யோசியுங்கள். 2002-ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழு உண்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் உண்டு. அங்கே போய்க் கேளுங்கள். அந்த வைத்தியரின் பிழைப்பே அந்தப் பட்டியல்தான், உங்களுக்கு அது ஒரு டேபிள்.

எங்கள் சார் ப்ராஜெக்ட் ஃபைலை ஜூனியர்களுக்குக் கொடுக்காதே, அப்படியே காப்பி அடிப்பார்கள் என்கிறார். எங்களுக்குக் கொடுக்க ஆசை. எப்படிக் கொடுப்பது, எங்கே வைப்பது?
— குன்னூர், ஊட்டி, பெரியகுளம் வாசகர்கள்

கொடுங்கள். உங்கள் சார் பயப்படுவது ரிப்போர்ட்டுக்காக. அதை பிடிஎஃப்பாக நூலகத்தில் வைத்துவிட்டால் காப்பி அடிப்பவரைப் பிடிப்பதும் சுலபம். ஜூனியர்களுக்கு நிஜமாகவே தேவைப்படுவது உங்கள் டேட்டாவும் கோடும், அப்புறம் எது வேலை செய்யவில்லை என்கிற குறிப்பும். ஓடையில் தண்ணீர் எடுத்துச் சோதித்தீர்கள் என்றால் எந்த நாள், மழைக்கு முன்பா பின்பா, எந்தக் கிட் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் எடுக்கிறவர்களுக்கு உங்கள் எண்ணோடு ஒப்பிட முடியும். ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்தே ஆரம்பித்து ஒருத்தரும் இரண்டாவது வருடக் கணக்குக்குப் போகாமலே இருக்கிறோம், அதுதான் எனக்கு எரிச்சல்.

கல்லூரி மெயில் ஐடியின் டிரைவில் வைக்காதீர்கள். டிசி வாங்கிய கொஞ்ச நாளில் அந்த ஐடியை மூடிவிடுவார்கள், லிங்க்கும் செத்துவிடும். ஸெனோடோ என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது, 2013-இலிருந்து இருக்கிறது, ஸ்விட்சர்லாந்தில் செர்ன் ஆய்வகத்தார் நடத்துகிறார்கள். அங்கே போட்டால் டிஓஐ என்று ஒரு நிலையான எண் கிடைக்கும், பயோடேட்டாவிலும் போட்டுக்கொள்ளலாம். கோடு என்றால், அதற்கென்றே இருக்கும் கிட்ஹப் என்ற தளத்தில் வைக்கலாம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பெயர் சொன்னால் போதும் என்கிற க்ரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை டேட்டாவுக்குத் தேர்ந்தெடுங்கள், அதற்குக் குழுவில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், கைடையும் கேளுங்கள். போடுவதற்கு முன் விவசாயிகள் பெயர், போன் நம்பர் உள்ள நெடுவரிசைகளை அழித்துவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. புதிதாக ஏதாவது கருவி செய்து காப்புரிமை வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் எங்கேயும் போடாதீர்கள், விண்ணப்பித்த பிறகுதான் வெளியில் காட்ட வேண்டும்.

வைவாவுக்குப் புடவைதான் கட்ட வேண்டுமாம். ஊட்டிக் குளிரில் மேலே ஸ்வெட்டர் போடலாமா?
— தாராளமாக. எக்ஸ்டர்னலே மஃப்ளரோடுதான் உட்கார்ந்திருப்பார்.

கடைசியாக ஒரு கடிதம், இது மாணவருடையது இல்லை. "நான் சிறு தேயிலை விவசாயி. வருடா வருடம் காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள், கேள்வித்தாளை நிரப்புகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். எத்தனை ஏக்கர், என்ன உரம், கடன் எவ்வளவு என்று வீட்டு விஷயமெல்லாம் சொல்கிறோம். ஒருத்தர்கூடத் திரும்பி வந்து என்ன கண்டுபிடித்தோம் என்று சொன்னது கிடையாது. நாங்கள் கேட்டால் தப்பா?"
— மஞ்சூர் வாசகர்

தப்பே இல்லை, அண்ணா. மேலே எழுதியவர்கள் எல்லோரும் உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அடுத்த முறை பிள்ளைகள் வந்தால் வேலையைக் கொஞ்சம் நிறுத்தி இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, கைடு யார், எந்தத் துறை. இரண்டு, முடிவைச் சொல்ல எந்த மாதம் வருவீர்கள். அந்தக் கேள்வித்தாளின் பின்பக்கத்திலேயே எழுதச் சொல்லி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் விவரம் கேட்டால் சொல்ல இஷ்டமில்லை என்று தாராளமாகச் சொல்லலாம், அதற்காக அவர்கள் மார்க் குறையாது.

பிள்ளைகளே, திரும்பிப் போவது பெரிய வேலையில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இலை பறிக்காத நேரம், ஊர் மண்டபமோ கோயில் திண்ணையோ, இருபது நிமிடம். ப்ராஜெக்டர் வேண்டாம். ஒரு சார்ட்டில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள்: இத்தனை வீட்டில் கேட்டோம், இது தெரிந்தது, இது தெரியவில்லை. சராசரி, சதவீதம் என்று ஆரம்பிக்காதீர்கள், "பத்து வீட்டில் ஏழு வீடு" என்று சொன்னால் திண்ணையில் எல்லோருக்கும் விளங்கும். ஆப் செய்த குன்னூர்ப் பெண்ணுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், வைவாவுக்கு முன்னாலேயே ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வாருங்கள். ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதில் உங்கள் கணக்கு தப்பாக இருந்தால் அங்கே ஒரு அம்மா ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார், எக்ஸ்டர்னலுக்கு அது தெரியாது. கேள்வி கேட்டுத் துளைப்பார்கள், பயப்படாதீர்கள், வைவாவுக்கு அதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது. அந்தச் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடாமல் இலை எடை போடும் இடத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

மஞ்சூர் அண்ணா, இந்த வருடம் உங்கள் ஊருக்கு வந்தவர்கள் எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு கார்டு போடுங்கள். அந்தத் துறைத் தலைவருக்கு நானே எழுதுகிறேன்.